சம்பந்தியின் வேட்டைப் பை

எங்கள் ஹரோ வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறு அறை இருக்கிறது. அதில் தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்கும் மனைவியின் நவராத்திரிச் சாமான் பெட்டிக்கும் நடுவே, ஆணியில், கரும்பச்சை நிற முதுகுப் பை ஒன்று தொங்குகிறது. வார்கள் தேய்ந்து பளபளக்கின்றன. பக்கவாட்டில் ஒரு பிளாஸ்க் செருகியிருக்கிறது. மான் வேட்டைக்குப் போகிற ஒருவர் பல வருடங்கள் தோளில் சுமந்த பை அது. நான் வேட்டைக்காரன் அல்லன். ஊராரின் வரிக்கணக்கைப் பார்த்துக் கொடுத்துப் பிழைத்த கணக்காளன். பை என் சம்பந்தியுடையது. அதை ஆணியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வீட்டில் ஒருவரும் இல்லாத நேரத்திலும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வைக்கிற வெட்கம்.

சம்பந்தி என்றால் என் மகளின் மாமனார். ஆங்கிலேயர். பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு குரோய்டனுக்கு அப்பால் ஒரு வீட்டில் தனியே இருக்கிறார். கலியாணப் பேச்சு நடந்த நாட்களில், பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் ஒருவரை ஒருவர் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று என் மகளிடம் கேட்டாராம். தன் மொழியில் இந்த உறவுக்கு ஒரு பெயர் இல்லையே என்பது அவருக்குப் பெரிய குறையாகப் பட்டிருக்கிறது. அன்றிலிருந்து என்னை 'சம்பாண்டி' என்றுதான் கூப்பிடுகிறார். எங்கள் ஆட்கள் நிறைந்த மண்டபத்தில் ஆறடி உயரத்திலிருந்து அந்தக் குரல் வரும்போது, வெளியே சிரித்தாலும் உள்ளுக்குள் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அவர் வீட்டுக்கு முதன்முறை போனபோது குரோய்டனில் ரயிலை விட்டு இறங்கினேன். அதற்கு முன் நான் அங்கே போனது அகதி விண்ணப்பம் கொடுத்த காலத்தில். குடிவரவு அலுவலகத்தின் பெரிய கட்டிடத்துக்குள் காத்திருந்து, கூப்பிட்டபோது உள்ளே போய், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டின் மேல் ஷெல் விழுந்ததைச் சொன்னேன். இராணுவத்தினர் எங்களைத் தெருவில் வரிசையாகக் குப்புறப் படுக்க வைத்து, கைகளைப் பிடரியில் கோக்கச் சொல்லி, தலைக்கு மேலால் சுட்டுக்கொண்டே நின்றதைச் சொன்னேன். அப்படிப் படுத்திருந்தபோது இடுப்பில் கட்டியிருந்த என் சாரம் நனைந்துபோனதை மட்டும் சொல்லவில்லை. பிறகு வந்த மனைவிக்கும் அது தெரியாது. நவம்பரில் அயலவர்கள் வாணவெடி விடும் நாளில் நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்பேன். இந்த மனிதருக்கு என்ன சுத்தம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மகளின் கலியாணம் முடிந்த அடுத்த குளிர்காலத்தில் சம்பந்தி என்னை மான் வேட்டைக்கு அழைத்தார். சசெக்ஸில் அவருடைய நண்பர் ஒருவருக்கு ஒரு காடு இருக்கிறது. அங்கே மான்கள் பெருகி இளம் மரக்கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிடுவதால் குளிர்காலத்தில் சிலவற்றைச் சுட வேண்டியிருக்கும். அந்த வேலையைச் சம்பந்திதான் வருடா வருடம் செய்து வந்தார். நான் எதையாவது சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்தேன். மகள் தொலைபேசியில் கெஞ்சினாள். "அப்பா, ஹி நெவர் டேக்ஸ் எனிவன். ப்ளீஸ், நோ சொல்லாதேங்கோ."

எப்படி நோ சொல்வது? பெண்ணைக் கொடுத்தவன் நான். சம்பந்தி வீட்டிலிருந்து ஓர் அழைப்பு வந்தால் எங்கள் ஆட்கள் காய்ச்சலோடும் எழுந்து போவார்கள். துப்பாக்கிச் சத்தம் எனக்கு ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் தோளில் தட்டி, வேறு எங்காவது சாப்பிடக் கூட்டிப்போயிருப்பார். ஆனால் மகளின் மாமனாருக்கு முன்னால் பயந்தவன் என்று பெயரெடுக்க என்னால் ஏலவில்லை. புதிதாக, மணல் நிறத்தில், ஒரு காற்சட்டை வாங்கிக்கொண்டேன்.

மனைவிக்குப் பயணம் என்றால் போதும், பை கட்டத் தொடங்கிவிடுவாள். "காட்டுக்கை வெறும் வயித்தோட நிக்கிறதே? அந்த மனுசனும் தனிய இருக்கிற ஆள். ரெண்டு ரோல்ஸ் கூடப் போடுறன்" என்றாள். ஆட்டிறைச்சி ரோல்ஸ், மீன் கட்லட், எல்லாம் வெள்ளித்தாளில் சுற்றி, அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். வேர்க்கொம்பு என்கிற சுக்குப் போட்ட கோப்பி ஒரு போத்தல். தலையிடித் தைலம். என் பிரஷர் குளிசைகள் ஒரு தகர டப்பாவில். குடை. கடைசியாக ஒரு சிறு காகித மடிப்பில் திருநீறு.

விடியும் நேரத்தில் காட்டோரத்தில் காரை நிறுத்தினோம். மருமகனும் வந்திருந்தான். அவன் வேலை கார் பக்கம் காத்திருந்து, வெடிச் சத்தம் கேட்டதும் வந்து மானை இழுக்க உதவுவது. சம்பந்தி காரின் பின்கதவைத் திறந்து, தன் பையிலிருந்த சாமான்களை ஒரு துணியில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பல் வைத்தியர் வாய்க்குள் விடும் கருவிகளை அடுக்கும் அதே ஒழுங்கு. உறையில் போட்ட கத்தி. ரப்பர் கையுறைகள். மானின் காலில் கட்டி இழுக்க ஒரு கயிறு. ஈரத் தரையில் உட்கார மெல்லிய பாய்த் துண்டு. காயத்துக்குக் கட்டும் துணி. தொலைநோக்கி. பிளாஸ்க். ஒரு கழிவறைக் காகிதச் சுருள் இருந்தது. அது எதற்கென்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன், அதற்கில்லையாம். மான் வெடிபட்ட இடத்தில் நின்ற கொடியில் ஒரு துண்டைக் கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கிட்டப் போனதும் எல்லா மரமும் ஒரே மரமாகிவிடும் என்றார்.

பிறகு என் பையைத் திறந்தார். பைக்குள் இருக்கும் எதுவும் சத்தம் போடக்கூடாது, மணக்கக்கூடாது, மினுங்கக்கூடாது என்பது அவர் விதி. என் பை இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் செய்தது. அவர் சிரிக்கவில்லை. ரோல்ஸை மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்து, "இது மானுக்கு அல்ல, நமக்கு" என்று காருக்குள் பத்திரமாக வைத்தார். குடையும் தைலமும் டப்பாவும் பின்னால் போயின. காகித மடிப்பை மட்டும் பிரித்து, என்னவென்று கேட்டார். சொன்னேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க அவர் ஒரு சிறு போத்தலில் பவுடர் வைத்திருந்தார். அன்று ஈரத்தில் அதன் வாய் அடைத்திருந்தது. என்னைப் பார்த்து அனுமதி கேட்பதுபோல் தலையசைத்துவிட்டு, ஒரு சிட்டிகை திருநீற்றை எடுத்துக் காற்றில் விட்டுப் பார்த்தார். அது இடப்புறம் மிதந்து போனது. "மிக நல்ல சாமான், சம்பாண்டி" என்றார். எனக்கு அப்போதுதான் கொஞ்சம் தைரியம் வந்தது. மடிப்பைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஓர் ஓக் மரத்தடியில் பாய்த் துண்டுகளைப் போட்டு உட்கார்ந்தோம். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. அவர் பிளாஸ்கைத் திறந்து எனக்குக் கொஞ்சம் தேநீர் ஊற்றித் தந்தார். குளிரில் அது அப்போதே பாதி ஆறியிருந்தது. பிறகு மூன்று மான்கள் புதருக்குள்ளிருந்து வெளியே வந்தன. நம் புள்ளிமான் போன்ற இனம்தான், குளிர்காலமாதலால் புள்ளிகள் மங்கியிருந்தன. அவர் காதுகளைத் தொட்டுச் சைகை காட்டினார். தந்திருந்த காது மூடியை இழுத்து மாட்டிக்கொண்டேன். சத்தம் பெரிதாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் சுட்டார். பெரிதாக இருக்கவும் இல்லை. ஆனால் அது காதால் வரவில்லை. தரையால் வந்து நெஞ்சுக்குள் ஏறியது.

அதன் பிறகு எனக்குத் தெரிந்தது அழுகிய இலைகளின் வாசம். குப்புறக் கிடந்தேன். வாய்க்குள் மண். கைகள் இரண்டும் தாமாகவே பிடரியில் கோத்திருந்தன. எழுந்திருக்கச் சொல்லும்வரை எழுந்திருக்கக்கூடாது என்று உடம்பு காத்திருந்தது. தோளில் ஒரு கை பட்டது. "சம்பாண்டி" என்று மெதுவாகக் கேட்டது. எழுந்து உட்கார்ந்தபோதுதான் மடியில் சூடு தெரிந்தது. மணல் நிறக் காற்சட்டை முன்பக்கம் முழுவதும் கறுத்திருந்தது.

தூரத்தில் சுள்ளிகள் முறியும் சத்தம் கேட்டது. வெடிச் சத்தம் கேட்டு மருமகன் வந்துகொண்டிருந்தான். சம்பந்தி ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார். பிளாஸ்கைத் திறந்தார். குழந்தைக்குப் பால் கொடுக்கும் முன் சூடு பார்ப்பதுபோல், சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு இருந்த தேநீர் முழுவதையும் என் மடியில் ஊற்றினார். பிளாஸ்கைத் தரையில் உருட்டிவிட்டார். மருமகன் மரங்களுக்கிடையே தலைகாட்டியபோது, தன் கையை உதறிக்கொண்டு, "என் முட்டாள்தனம், கை தவறி இவர்மேல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

காருக்குத் திரும்பியபின், மருமகன் சற்று விலகியிருந்த நேரம் பார்த்து, நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் பையின் வாரை இறுக்கியபடியே, "காட்டுக்குள் பார்த்ததைக் காட்டிலேயே விட்டு வருவேன். போகும்போது இருந்ததைவிடப் பை கனக்கக்கூடாது" என்றார். அவ்வளவுதான். எல்லோருமாக நின்று ரோல்ஸ் சாப்பிட்டோம்.

அவர் தந்த மான் இறைச்சியை மனைவி யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் போட்டுக் கறி வைத்து இரு வீட்டாரையும் கூப்பிட்டாள். நான் விரதம் என்று சொல்லித் தப்பினேன். அந்தச் சாப்பாட்டில்தான் மருமகன் முதன்முதலாகப் பிளாஸ்க் கதையைச் சொன்னான். நடித்துக்காட்டினான். என் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சம்பந்தியும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

அந்தக் கதை வளர்ந்தது. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அது மேசைக்கு வந்தது. பேத்தி பிறந்து பேசத் தொடங்கியதும் "கிராண்ட்பாவுக்குத் தேத்தண்ணி குடுக்காதேங்கோ" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். ஒரு கிறிஸ்மஸில் சம்பந்திக்குத் திருகு மூடி போட்ட ஒரு குவளையைப் பரிசாகக் கொடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். தன் கைகளைப் பற்றித்தான் அந்த மனிதருக்கு வாழ்நாளெல்லாம் பெருமை. பல்லுக்குள் மயிரிழை அளவு நுணுக்கமாக வேலை செய்த கைகள். ஒரு நோயாளியையும் தன் கை தேவைக்கு மேல் நோகடித்ததில்லை என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் அந்தக் குவளையை வாங்கி, நன்றி சொல்லி, மூடியைத் திருகிப் பார்த்தார். பிறகு மகன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதில்தான் குடித்தார்.

துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தபோது மருமகன் இல்ஃபோர்டில் உள்ள தன் வீட்டில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டான். அவன் நல்ல பிள்ளை. தகப்பன்மேல் உயிர். அதனால்தான் பயந்தான். ஒரு நாள் அவர் சாவியைக் கீழே போட்டாராம், ஒரு கிளாஸ் உடைந்ததாம். எல்லாவற்றுக்கும் முதல் சாட்சி அந்தப் பிளாஸ்க்தான். "அன்றைக்கே தொடங்கிவிட்டது, டாட். ஒரு முழுப் பிளாஸ்கையும் அவர்மேல் கொட்டினீர்கள். கையில் இருந்தது துப்பாக்கி என்றால்?" என்று கேட்டான். சம்பந்தி தன் கைகளை மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தார். அவை அசையவே இல்லை. ஆனால் அந்த அறையில் இருந்த எல்லோரும் அவை நடுங்குவதாகவே பார்த்தார்கள். அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். பொய். நான் தட்டில் இருந்த உருளைக்கிழங்கைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. கத்தியையும் துப்பாக்கியையும் காட்டுக்குச் சொந்தக்காரரான நண்பரிடமே கொடுத்துவிட்டார். பையை மட்டும் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, "நீங்கள் வைத்திருங்கள், சம்பாண்டி. உங்கள் சாமானும் இதற்குள் இருக்கிறது" என்றார். திறந்து பார்த்தேன். திருநீற்று மடிப்பு அப்படியே இருந்தது.

துப்பாக்கி போன பிறகும் அவர் காட்டை விடவில்லை. விடியற்காலையில் தன் காரில் தனியே சசெக்ஸ் வரை போய், தொலைநோக்கியால் மான்களைப் பார்த்துவிட்டு வருவார். அந்த ஓட்டம் ஒன்றுதான் அவருக்கு மிச்சம் இருந்தது. இந்த வருடத் தொடக்கத்தில் சூப்பர்மார்க்கெட் வாசலில் நிறுத்தியிருந்த அவர் காரில் ஒரு கீறல் விழுந்தது. யார் உரசினார்களோ தெரியாது. மருமகனும் மகளும் கூடிப் பேசி, இனி அவர் கார் ஓட்டக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். அதைச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டார்கள்.

இல்ஃபோர்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் மனதுக்குள் வசனம் பழகினேன். இந்த முறை சொல்லியே தீர வேண்டும். வயதாகிவிட்டது, இனி என்ன மானம்? அவர் கையில் கோளாறு இல்லை, அன்று நனைந்தது என்னால் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். அது முடிந்தால் அவருக்குக் கார் மிஞ்சும்.

சாப்பாடு முடிந்து தேநீர் வந்தது. மருமகன் தொண்டையைச் செருமிக்கொண்டு பிளாஸ்கில் இருந்து தொடங்கினான். நான் கையை உயர்த்தினேன். "அந்தப் பிளாஸ்க் விஷயத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன். மகள், மனைவி, பேத்தி எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் முகம் என்னவாக இருந்ததோ தெரியாது. எதிரே இருந்த சம்பந்தி மட்டும் அதைப் படித்துவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால், அவரைப் பார்த்தது நான் ஒருவன்தான். அவர் தன் குவளையின் மூடியைத் திருகிக் கழற்றி, சத்தமில்லாமல் பக்கத்தில் வைத்தார். சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு புறங்கையால் குவளையைத் தட்டிவிட்டார். தேநீர் மேசை விரிப்பில் ஓடி என் மடிக்கு வந்தது.

"கிராண்ட்பா, எகெய்ன்!" என்று பேத்தி கத்தினாள். மகள் துணி எடுக்க ஓடினாள். மருமகன் கண் கலங்கி நின்றான். சம்பந்தி சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து ஈர விரிப்பின் ஓரத்தில் வைத்தார். அப்போதும் நான் சொல்லியிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது. அதிலிருந்து வந்தது, "பரவாயில்லை, சுடவில்லை" என்பதுதான்.

அன்றே இன்னொரு ஏற்பாடும் செய்தார்கள். இனி ஞாயிறுதோறும் நான் அவரை ரிச்மண்ட் பூங்காவுக்குக் கூட்டிப்போய் மான் காட்ட வேண்டும். அங்கே யாரும் சுடாத மான்கள், கூட்டம் கூட்டமாக, ஆட்களைக் கண்டு பயப்படாமல் மேய்கின்றன. மருமகன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னான். என்னைப் போல ஒரு சம்பந்தி கிடைப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றான். அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை மகள் பாதியில் நிறுத்திவிட்டாள். கடைப் பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பதோடு சரி. மருமகனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. மனைவி நான் எழுதுவதையெல்லாம் யாருடையதோ வரிக்கணக்கு என்று தாண்டிப் போய்விடுவாள். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று பேர் பண்ணிக்கொள்ள இதைவிடப் பாதுகாப்பான இடம் எனக்குக் கிடைக்கவில்லை. அதுவும் வெட்கம்தான்.

போன ஞாயிறும் பையை ஆணியிலிருந்து எடுத்து, தொலைநோக்கி, பாய்த் துண்டுகள், பிளாஸ்க் எல்லாம் வைத்துக்கொண்டு போனேன். கொம்பு நீண்ட ஓர் ஆண் மான் சேற்றில் புரண்டு எழுந்து நின்றது. அவர் அதைப் பார்த்தபடி பிளாஸ்கைக் கையில் எடுத்தார். அந்த நேரம் மனைவி போனில் கூப்பிட்டாள்.

"குளிருதே அங்கை? தேத்தண்ணியை அவரிட்டைக் குடுக்காதேங்கோ. பாவம், அந்த மனுசன்ர கை இப்ப நல்லா நடுங்குது. நீங்களே ஊத்திக் குடுங்கோ, என்ன?"

"ஓம், ஓம். நான்தான் ஊத்துறன்" என்றேன்.

அவர் விளிம்புவரை நிரப்பிய கோப்பையை என்னிடம் நீட்டினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. வாங்கிக் குடித்தேன்.